நரியைப் பரியாக்க எந்த லெவல் வேணும்? உருமாற்ற மந்திரத்துக்கு ஒரு பாடம்

சோழவந்தான் பக்கம் ஆரம்பிச்சு மதுரை வரைக்கும் வைகைக் கரையிலயே நடந்து வந்தா, வழியில மூணு உருமாற்றக் கதை கிடைக்கும்.

முதல் கதை குருவித்துறை. திருவிளையாடல் புராணத்துல இந்த ஊருக்குக் குருவிருந்துறைன்னு பேரு. சுகலன்கிற வேளாளரோட 12 பிள்ளைங்க, தவம் பண்ணிட்டிருந்த குருபகவான்கிட்ட வம்பு பண்ணி, பன்றிக்குட்டிகளாப் பிறக்கச் சாபம் வாங்குறாங்க. தாய்ப்பன்றி செத்ததும் சிவபெருமானே தாய்ப்பன்றியா வந்து பால் கொடுக்கிறார். அப்புறம் குட்டிகளுக்கு மனித உடம்பும் அறிவும் வருது, முகம் மட்டும் பன்றி முகமாவே இருக்கு. அந்த 12 பேரும் பாண்டியனுக்கு மந்திரிகள் ஆகுறாங்க.

இரண்டாவது கதை தேனூர். தியானத்துல இருந்த சுதபஸ் முனிவர், துர்வாசர் வந்ததைக் கவனிக்கல. தவளையாப் போன்னு சாபம். வைகைக் கரையில தவம் இரு, அழகர் வந்து விமோசனம் கொடுப்பார்னு நிபந்தனை. அழகர் முன்னாடி இந்தத் தேனூர்லதான் ஆத்துல இறங்குனாரு, திருமலை நாயக்கர் காலத்துலதான் விழா மதுரைக்கு மாறுச்சுன்னு நம்ம ஊர்ப் பக்கம் சொல்லுவாங்க. இன்னிக்கும் வண்டியூர் பக்கம் ஆத்துக்குள்ள மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கிற மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம்னுதான் பேரு.

மூணாவது கதை மதுரையிலயே. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில திருப்பணிக்குச் செலவு பண்ணிட்டாரு. சிவபெருமான் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி ஓட்டிட்டு வந்து, கயிறு மாத்தி ராஜாகிட்ட ஒப்படைக்கிறார். ராத்திரி ஆனதும் அத்தனையும் மறுபடி நரி ஆகி, லாயத்துல இருந்த நிஜக் குதிரைகளைக் கடிச்சுக் குதறிட்டுக் காட்டுக்கு ஓடிருது.

சரி, தலைப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இந்த மூணு கதையிலயும் உருவம் சும்மா மாறல. ஒண்ணுல முகம் மாறாம நிக்குது. ஒண்ணுல விமோசனத்துக்கு நிபந்தனை இருக்கு. ஒண்ணுல காலக்கெடு இருக்கு. மேசையில பகடை உருட்டி விளையாடுற ஃபேன்டஸி ரோல்பிளே விளையாட்டுகள் கிட்டத்தட்ட 50 வருஷமா மண்டையை உடைச்சுக்கிற விஷயமும் இதேதான்: ஒருத்தன் இன்னொண்ணா மாறினா, எது மாறும், எது மாறாது?

புதுசா வர்றவங்களுக்கு ஒரு நிமிஷ அறிமுகம்

1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு விளையாட்டைக் கொண்டு வந்தாங்க. சுருக்கமா டி அண்ட் டி. நாலஞ்சு பேர் உட்காரணும். ஒருத்தர் டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துறவர். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம்: சண்டைக்காரன், மந்திரவாதி, திருடன், காட்டு மந்திரம் தெரிஞ்ச டிரூயிட். என்ன செய்யப் போறோம்னு வாயால சொல்லணும். ஜெயிக்குமா தோக்குமான்னு சந்தேகம் வந்தா 20 முகப் பகடையை உருட்டணும்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு காகிதம் உண்டு. அதுல ஆறு குணங்களுக்கு எண் இருக்கும். பலம், சுறுசுறுப்பு, உடல்திடம் இந்த மூணும் உடம்பு சம்பந்தப்பட்டது. அறிவு, விவேகம், வசீகரம் இந்த மூணும் மனசு சம்பந்தப்பட்டது. இதோட ஹிட் பாயிண்ட்னு ஒரு எண். அதை உயிர்ப்புள்ளின்னு வச்சுக்குவோம். அடி வாங்கினா குறையும், பூஜ்யம் ஆனா சாய்ஞ்சுருவோம். அரக்கர்களுக்கும் மிருகங்களுக்கும் இதே மாதிரி காகிதம் உண்டு. கூடவே சேலஞ்ச் ரேட்டிங்னு ஒரு சிரம எண்ணும் இருக்கும். பெருசா இருந்தா ஆபத்தான ஜந்துன்னு அர்த்தம்.

ஆக, உருமாற்றம்னா விதிப்படி என்ன? ஒரு காகிதத்தை எடுத்து வச்சுட்டு இன்னொரு காகிதத்தை எடுக்கிறது. முழுசா எடுக்கிறோமா, பாதி எடுக்கிறோமா, எப்போ திருப்பி வைக்கிறோம்னுதான் எல்லாப் பிரச்சினையும்.

எந்த உருமாற்ற விதிக்கும் ஐந்து கேள்வி

எந்த விளையாட்டை எடுத்தாலும் உருமாற்ற விதி இந்த அஞ்சுக்குப் பதில் சொல்லியே ஆகணும்.

1. உடம்பு யாருது?
2. மனசு யாருது?
3. எவ்வளவு நேரம்? முடிவு எப்படி வரும்?
4. பழைய உடம்பும் பொருளும் எங்க போகும்?
5. எது வரைக்கும் மாறலாம்?

2014ல வந்த அஞ்சாம் பதிப்பை வச்சுப் பார்ப்போம். இதுல ரெண்டு முக்கியமான உருமாற்றம் இருக்கு. ஒண்ணு டிரூயிட்டோட வைல்ட் ஷேப், தானே மிருகமா மாறுறது. இன்னொண்ணு பாலிமார்ஃப், மந்திரவாதி இன்னொருத்தரை மாத்துறது.

வைல்ட் ஷேப்புல உடம்பு எண்கள் மூணும் மிருகத்தோடது, மனசு எண்கள் மூணும் உன்னோடதே. அதாவது கரடிக்குள்ள நீயே உட்கார்ந்து ஓட்டுற. ஆனா பேச முடியாது, புதுசா மந்திரம் போட முடியாது. நேரம், உன் லெவல்ல பாதி மணி. 2ஆம் லெவல்ல 1 மணி நேரம். பொருளெல்லாம் கீழே விழலாம், இல்லேன்னா உடம்போட கரைஞ்சு போகலாம், இல்லேன்னா மிருகம் போட்டுக்கிற மாதிரி இருந்தா போட்டுக்கலாம். கரைஞ்ச பொருளால ஒரு பலனும் கிடையாது. எது வரைக்கும்? நீ கண்ணால பார்த்த மிருகமா இருக்கணும். 2ஆம் லெவல்ல சிரம எண் கால் வரைக்கும்தான், நீந்துற பறக்கிற ஜந்து கூடாது. பறக்கிறதுக்கு 8ஆம் லெவல் வரணும்.

பாலிமார்ஃப் வேற ரகம். இதுல மனசு எண்களும் போயிரும். தவளை ஆனா அறிவு எண் 1. குணமும் சுபாவமும் மட்டும் மிஞ்சும். அதிகபட்சம் 1 மணி நேரம், அதுவும் மந்திரவாதி கவனம் சிதறாம இருந்தா மட்டும். அவன்மேல ஒரு அடி விழுந்தா உடல்திடத்துக்குப் பகடை உருட்டணும், தோத்தா மந்திரம் கலைஞ்சுரும். எதிரியைத் தவளை ஆக்கினா அதுக்கு உயிர்ப்புள்ளி வெறும் 1. யாராவது அவசரப்பட்டு மிதிச்சா உடனே பழைய ராட்சசன் முன்னாடி நிப்பான். அதனால இது கொல்ற மந்திரம் கிடையாது, தள்ளிப்போடுற மந்திரம்.

இப்போ தேனூர் தவளையை நினைச்சுப் பாருங்க. உடம்பு தவளை, ஆனா தவம் தொடருது. அப்போ மனசு முனிவரோடதே. இந்த வகையில அது வைல்ட் ஷேப் பக்கம். ஆனா அவரா விரும்பி மாறல, அந்த வகையில பாலிமார்ஃப் பக்கம். மணிக்கணக்குல முடியவும் முடியாது, அழகர் வரணும். விளையாட்டுல இதைச் சாபம்னு தனியாத்தான் எழுதணும். நேரத்தால முடியாம ஒரு சம்பவத்தால முடியுற உருமாற்றம் அது. கதை நடத்துறவருக்கு இதைவிட நல்ல சாமான் கிடைக்காது. ஏன்னா அந்தச் சம்பவத்தை நடத்தி வைக்கிற வேலை முழுக்க விளையாடுறவங்க கையில வந்துரும்.

நரிக் கணக்கு

தலைப்புக் கேள்விக்கு வருவோம். நரியைக் குதிரையாக்க எந்த லெவல் வேணும்?

பாலிமார்ஃப் 4ஆம் நிலை மந்திரம். மந்திரவாதிக்கு 7ஆம் லெவல்ல கிடைக்கும். அப்போ 7னு பதில் எழுதலாமா? முடியாது. ஐந்தாவது கேள்வியைப் பாருங்க. மாறப்போற உருவத்தோட சிரம எண், மாறுறவரோட சிரம எண்ணைவிடப் பெருசா இருக்கக் கூடாது. 2014 புத்தகத்துல நரிக்குச் சிரம எண் 0. சவாரிக் குதிரைக்குக் கால். 0ல இருந்து காலுக்குப் போக முடியாது. 9ஆம் நிலை மந்திரமான ட்ரூ பாலிமார்ஃப்லயும் உயிர் இன்னொரு உயிரா மாறணும்னா இதே தடைதான். ஆக 20ஆம் லெவல் மந்திரவாதி வந்தாலும் இந்த ரெண்டு மந்திரத்தால ஒரு நரியைக்கூடச் சவாரிக் குதிரை ஆக்க முடியாது. குதிரையை நரி ஆக்கலாம். அது சுலபம்.

விதி ஏன் இப்படி ஒருபக்கமாப் பேசுது? சின்னதைப் பெருசாக்கிறது லாபம், பெருசைச் சின்னதாக்கிறது தடுப்பு. லாபத்துக்குக் கூரை வைக்கலேன்னா ஒவ்வொரு ஊர்லயும் பத்து எலியைப் பிடிச்சு பத்து யானை ஆக்கிருவாங்க. புராணமும் இதைத் தெரிஞ்சுதான் வச்சிருக்கு. அங்க நரியைப் பரியாக்கினது சொக்கநாதர். அவரும் அதை ராத்திரிக்கு மேல நீடிக்க விடல.

அதுல கயிறு மாத்துற விஷயம் ரொம்ப முக்கியம். கயிறு கைமாறினா வியாபாரம் முடிஞ்சது, அதுக்கப்புறம் விற்றவருக்குப் பொறுப்பில்லை. உருமாறின ஒரு பொருளை யார் தலையில கட்டுறோம், கெடு முடிஞ்சதும் யாருக்கு நஷ்டம்கிற கேள்வி அது. குதிரைக் காசைக் கட்டிக்கிட்டு ஓடுறோம்னு உங்க மேசையில யாராவது திட்டம் போட்டா, கதை நடத்துறவர் இந்தக் கேள்வியை உடனே கேட்கலாம்: ராத்திரி ஆனதும் அந்த ஊருக்குள்ள மறுபடி நுழைய முடியுமா?

பழைய உடம்பு எங்க?

நாலாவது கேள்விக்குச் சரியான உதாரணம் வைகையைத் தாண்டி, காவிரிப் பக்கம் சாத்தனூர்ல இருக்கு. மூலன்கிற இடையர் இறந்து போக, மாடுகள் கதறுது. அதைப் பார்த்த சிவயோகி ஒருத்தர் தன் உடம்பை ஒரு இடத்துல பத்திரமா வச்சுட்டு மூலன் உடம்புக்குள்ள போறார். மாடுகளை வீடு சேர்த்துட்டுத் திரும்பி வந்தா, வச்ச உடம்பைக் காணோம். அவர்தான் திருமூலர். இதைப் பெரியபுராணம் சொல்லுது. நாம இதைக் கூடுவிட்டுக் கூடு பாயுறதுன்னு சொல்லுவோம்.

டி அண்ட் டியில இதுக்குக் கிட்ட வர்றது மேஜிக் ஜார்னு 6ஆம் நிலை மந்திரம். உயிர் ஒரு பாத்திரத்துக்குள்ள போய், அங்கிருந்து இன்னொருத்தர் உடம்பைப் பிடிக்கும். பழைய உடம்பு அசையாம கிடக்கும். திரும்புற நேரத்துல அந்த உடம்பு 100 அடிக்கு மேல தள்ளி இருந்தாலோ, செத்திருந்தாலோ ஆள் காலி. நம்ம பாஷையில சொன்னா, பேக்கப் எடுத்து வச்ச பென் டிரைவ் தொலைஞ்சு போச்சு. திருமூலர் கதை இதைவிட ஒரு படி மேல. அங்க ஆள் காலியாகல, புது உடம்புலயே வாழ்ந்தாகணும். மூலனோட மனைவிக்கு வந்து நிக்கிறது தன் புருஷன் உடம்பு, ஆனா புருஷன் இல்லை. எந்த விதிப்புத்தகமும் இதுக்கு எண் போட்டு வைக்கல. போடவும் முடியாது. அதை மேசையில இருக்கிறவங்கதான் பேசி நடிக்கணும்.

கரடி மேல கரடி: விதி தப்பினா என்ன ஆகும்?

இப்போ கணக்கு. 2014 விதிப்படி மிருகத்தோட உயிர்ப்புள்ளி உனக்குத் தனியாக் கிடைக்கும். அது பூஜ்யம் ஆனா பழைய உருவத்துக்கு வந்துருவ, மிச்ச அடி மட்டும் உன்மேல விழும். சர்க்கிள் ஆஃப் தி மூன்கிற வகை டிரூயிட் 2ஆம் லெவல்லயே பழுப்புக் கரடி ஆகலாம். கரடிக்கு உயிர்ப்புள்ளி 34. ஒரு சின்ன ஓய்வுக்கு ரெண்டு தடவை மாறலாம்.

3ஆம் லெவல், உடல்திடம் 14 உள்ள ஒரு டிரூயிட்டை எடுத்துக்குவோம். சொந்த உயிர்ப்புள்ளி 24. முதல் கரடி 34, இரண்டாவது கரடி 34. மொத்தம் 92. பக்கத்துல நிக்கிற அதே லெவல், அதே உடல்திடம் உள்ள சண்டைக்காரனுக்கு எவ்வளவு? 28. சண்டைபோடுறதுக்குன்னே வந்தவனைவிட மூணு மடங்குக்கு மேல தாங்குறான் ஒரு செடிகொடி மந்திரவாதி. உரிக்க உரிக்க உள்ள இன்னொரு தோல் இருக்கிறதால விளையாடுறவங்க இதுக்கு வெங்காய டிரூயிட்னு பட்டப்பேரே வச்சுட்டாங்க.

இதுல என்னடா தப்பு, பலசாலியா இருந்தா நல்லதுதானேன்னு தோணும். ஒரு மேசையை நினைச்சுப் பாருங்க பங்காளி. ஹாஸ்டல் ரூம், நாலு பேர், ரெண்டு மணி நேரம்.

"கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நான் ஒளிஞ்சு போய்ப் பார்க்கிறேன்."

"வேணாம் மாப்ள, நான் எலியா மாறிப் போறேன்."

"சரி, அந்தக் காவல்காரனை நான் அடிக்கிறேன்."

"இரு மாப்ள, கரடியாகி முடிச்சுட்டு வந்துர்றேன்."

திருடனோட வேலையும் போச்சு, சண்டைக்காரனோட வேலையும் போச்சு. மூணாவது வாரம் ஒருத்தனுக்கு ரெக்கார்டு எழுத வேண்டியிருக்கும், இன்னொருத்தனுக்குத் தலைவலி. அஞ்சாவது வாரம் விளையாட்டே இருக்காது. எந்த உருவமும் எடுக்கிறவன், மத்தவங்க எல்லாரோட இடத்தையும் எடுத்துக்கிறான். உருமாற்ற விதிகள் பாதுகாக்கிறது அந்த இடத்தைத்தான். அரக்கனுக்கு ஒண்ணும் ஆகாது, அவன் வெறும் காகிதம். மனசு நோகப்போறது பக்கத்துல உட்கார்ந்திருக்கிற கூட்டாளிக்கு.

50 வருஷமா நடந்த ரிப்பேர் வேலை

விளையாட்டை எழுதினவங்களும் இதைப் பல விதமாச் சரிபண்ணிப் பார்த்தாங்க.

பயமுறுத்துற வழி: 1978ல வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்குல, இன்னொருத்தரை உருமாத்தினா அவர் அதிர்ச்சியிலயே சாக வாய்ப்பு உண்டு. பிழைச்சாலும் மனசும் மிருகமா மாறிடுற ஆபத்து இருக்கு. நண்பன்மேல இந்த மந்திரத்தைப் போடக் கை நடுங்கும்.

முழுசா மாத்துற வழி: 2000லயும் 2003லயும் வந்த மூணாம் பதிப்புகள்ல உடம்பு எண்களை அப்படியே எடுத்துக்கலாம். விளைவு, புதுசா ஒவ்வொரு அரக்கர் புத்தகம் வரும்போதும் உருமாறுறவனுக்குப் புதுச் சட்டை கிடைச்ச மாதிரி. எந்தப் பக்கத்துல எந்த ஜந்து லாபம்னு தேடுறதே விளையாட்டாப் போச்சு.

கூட்டல் வழி: 2009ல வந்த பாத்ஃபைண்டர், மிருகத்தோட காகிதத்தை வாங்குறதையே நிறுத்திருச்சு. நடுத்தர அளவு மிருகமா மாறினா பலத்துக்கு 2 கூட்டிக்கோ, தோலுக்கு 2 கூட்டிக்கோன்னு நேரடியா எழுதிட்டாங்க. எத்தனை புத்தகம் வந்தாலும் கூட்டல் அதேதான்.

தோற்ற வழி: அதே 2009ல டி அண்ட் டி நாலாம் பதிப்புல வந்த டிரூயிட்டுக்கு மிருகம் ஆனாலும் எண் எதுவும் மாறாது. மிருக உருவத்துல மட்டும் செய்யக்கூடிய தாக்குதல்கள் தனியா உண்டு. கணக்கு சுத்தம். ஆனா யானையும் ஓநாயும் ஒரே மாதிரி இருக்கேன்னு நிறையப் பேருக்குச் சப்புன்னு போச்சு.

2024ல திருத்தி வந்த புத்தகம் நடுவழி. மிருகத்தோட மத்த எண்களை வாங்கிக்கோ, ஆனா உயிர்ப்புள்ளி உன்னோடதே. கூடக் கொஞ்சம் தற்காலிக உயிர்ப்புள்ளி. மூன் டிரூயிட்டுக்கு லெவலைப் போல 3 மடங்கு. நம்ம 3ஆம் லெவல் கணக்கைத் திருப்பிப் போடுங்க: சொந்தம் 24, முதல் தடவை 9, அது தீர்ந்தப்புறம் இரண்டாவது தடவை 9. மொத்தம் 42. 92ல இருந்து 42. கரடி இன்னும் கரடிதான், நகமும் பல்லும் அப்படியே இருக்கு. சண்டைக்காரனுக்கும் மேசையில வேலை இருக்கு.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு இது புரிஞ்சிருக்கும். முழு ஆப்ஜெக்டையும் தூக்கி மாத்துறதுக்கும், இன்டர்ஃபேஸை மட்டும் மாத்திட்டு உள்ள இருக்கிற நிலையைக் காப்பாத்துறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

விதி வச்சா கற்பனை செத்துராதா?

நியாயமான கேள்வி. ஆனா குருவித்துறைக் கதைக்குத் திரும்பிப் போங்க. 12 பேரும் முழு மனிதர்களா மாறியிருந்தா, கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். பன்றி முகத்தோட ஒருத்தர் மந்திரியா அரசவையில உட்கார்ந்திருக்கார் பாருங்க, அங்கதான் நம்ம மனசு நிக்குது. ராத்திரி வராம இருந்திருந்தா நரி பரியான கதையை யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க. மாறாம மிஞ்சுற அந்த ஒண்ணுலதான் கதை ஒட்டிக்கிட்டு இருக்கு. விதி செய்யுற வேலை, அந்த ஒண்ணை முன்னாடியே தேர்ந்தெடுத்துச் சொல்றது.

உங்க மேசைக்கு ஒரு வைகைக்கரை விதி

எந்த விளையாட்டோடயும் சேர்த்துக்கலாம். 20 முகப் பகடை இல்லேன்னா போன்ல உருட்டிக்குங்க.

மிச்சம்: உருமாறுறவர் ஒரு அடையாளத்தை முதல்லயே சொல்லணும். கண், குரல், ஒரு தழும்பு, ஏதாவது ஒண்ணு மாறாது. கூர்ந்து பார்க்கிறவங்களுக்கு அது தெரியும்.

கெடு: முடிவை நேரமாச் சொல்லு, இல்லேன்னா சம்பவமாச் சொல்லு. முடிவு சொல்லாத உருமாற்றம் செல்லாது.

நரிப் பகடை: புது உருவத்தோட சுபாவம் தலைதூக்குற சூழ்நிலை வந்தா, விவேகத்துக்குப் பகடை உருட்டு. 10க்குக் கீழே விழுந்தா ஒரு சுற்று அந்த மிருகம் சொல்றதைத்தான் கேட்கணும். ஓநாய்க்கு முன்னாடி ஆடு, எலிக்கு முன்னாடி பூனை, இப்படி.

இடம்: இன்னொரு பாத்திரத்தோட முக்கிய வேலையை உருமாறிச் செய்யணும்னா, அவர்கிட்டக் கேட்டுட்டுச் செய். அவர் சேர்ந்து வந்தா ரெண்டு பேருக்கும் பகடையில 2 கூட்டு.

கடைசி விதிக்குப் பகடையே தேவையில்லை. ஆனா ஒரு மேசையை அஞ்சாவது வாரத்தைத் தாண்டிக் கொண்டுபோறது அதுதான்.

பயிற்சி

1. குருவித்துறை மந்திரிகளுக்கு மேலே சொன்ன அஞ்சு கேள்விக்கும் பதில் எழுதுங்க. அறிவு எண் கூடியிருக்கு, முகம் மாறல. இதை மூணு வரி விதியா எழுத முடியுமா?

2. 7ஆம் லெவல் சண்டைக்காரனுக்கு உயிர்ப்புள்ளி 10தான் மிச்சம். கூட இருக்கிற மந்திரவாதி 2014 விதிப்படி அவனை ராட்சதக் குரங்காக்குறான், குரங்குக்கு 157. மொத்தமா 160 அடி விழுது. யார் நிக்கிறா, எவ்வளவோட?

3. ஒரு சாபம் எழுதுங்க. முடிவு நேரத்தால வரக்கூடாது. விளையாடுறவங்க மூணு அமர்வுக்குள்ள போய்ச் செய்யக்கூடிய ஒரு சம்பவத்தால வரணும்.

இரண்டாவதுக்கு மட்டும் விடை: 157 குரங்கோட போச்சு, மிச்சம் 3 சண்டைக்காரன்மேல விழும். 7 உயிர்ப்புள்ளியோட அவன் நிப்பான். மத்த ரெண்டுக்கும் விடை உங்க மேசையிலதான் வரணும். எழுதினதை ஆசிரியர் குழுகிட்டக் கொடுங்க, நல்ல சாபமா இருந்தா அடுத்த இதழ்ல போடுவோம்.